விளக்கை ஏற்றினால் வேகமானி தடுமாறுவதேன்?

பொழுது சாய்ந்து இருள் கவியத் தொடங்கும் வேளையிற் சயிக்கிளோட்டி ஒருவர் தமது முன்விளக்கை ஏற்றுகின்றார். பாதை பளிச்சென்று தெரிகின்றது. ஆயின், கைபிடியிற் பொருத்தியுள்ள சிறு வேகமானியை நோக்கினால், அதுவரை மணிக்கு 22 கிலோமீற்றர் என்று ஒழுங்காகக் காட்டிவந்த இலக்கம் திடீரெனப் பூச்சியமாகி நிற்கின்றது. அல்லது 80, 95 என்று பேய் பிடித்தாற்போலத் தாவுகின்றது. விளக்கை அணைத்ததும் பழைய ஒழுங்கு மீள்கின்றது. இத்தனைக்கும் விளக்கையும் வேகமானியையும் இணைக்கும் கம்பி எதுவுமே இல்லை.

இவ்விந்தையைக் கண்டோர் செய்வது இரண்டிலொன்று. கருவி பழுதென்று கழற்றி மேசை இலாச்சியுள் எறிந்துவிடுவார் ஒருசாரார். மற்றையோர் இலக்கம் ஒழுங்காகத் தெரியவேண்டுமென்பதற்காக விளக்கை அணைத்துவிட்டு ஓடுவார். இளைஞரிடையே இப்பின்னைய வழக்கம் உண்டென்பதை அறிந்தே இக்கட்டுரையை எழுத முற்பட்டோம். 2022 ஆம் ஆண்டின் எரிபொருட் பஞ்சத்தின்போது சயிக்கிளுக்குத் திரும்பியவர்கள் இந்நாட்டிற் பலர். அவருட் சிலர் அதனை விடாது பற்றிக்கொண்டு, தூரமும் வேகமும் குறித்துப் பயிற்சி செய்யவும் தொடங்கியுள்ளனர். பார வண்டிகள் விரையும் வீதியில், அந்திநேரத்தில், ஓர் இலக்கத்துக்காக விளக்கை அணைப்பதென்பது உயிரோடு விளையாடுவதேயாம். ஆனால், “அணையாதே” என்று அதட்டிவிட்டாற் போதுமா? காரணத்தை விளக்கினாலன்றோ பிள்ளைகள் கேட்பர்!

சயிக்கிள் ஓடிய தூரத்தை அளக்கும் ஆசை புதியதன்று. அமெரிக்காவின் ஹாட்பேட் நகரிலே கேட்டிஸ் வீடர் என்பார் 1895 ஆம் ஆண்டில் ‘சைக்ளோமீற்றர்’ என்னும் சிறு கருவியை இயற்றினார். சில்லின் கம்பியொன்றிற் பொருத்திய சிறு முனை, சில்லு ஒருமுறை சுற்றும்போதெல்லாம் அக்கருவியின் பற்சில்லைத் தட்டும். உள்ளேயுள்ள இலக்கச் சில்லுகள் நகரும். அவ்வளவே. அதனைக் குழப்ப எந்த விளக்காலும் இயலாது. ‘சயிக்கிள் கொம்பியூட்டர்’ என்று இன்று கடைக்காரர் கூறும் கருவியும் இதே வேலையைத்தான் செய்கின்றது. நாம் இதனை வேகமானி என்றே வழங்குவோம்.

இதன் அமைப்பு வருமாறு: சில்லுக் கம்பியில் ஒரு சிறு காந்தம், முன்கவையில் ஒரு செலுத்தி, கைபிடியில் இலக்கங் காட்டும் வாங்கி. செலுத்தியினுள்ளே ஒரு கண்ணாடிக் குழாயும், அக்குழாயுள் ஒன்றையொன்று தொடாத இரு மெல்லிய இரும்பு நாக்குகளும் உள. காந்தம் அருகே வரும்போது நாக்குகள் இரண்டும் ஒட்டி மின்னோட்டத்தை விடும். காந்தம் விலகப் பிரிந்துவிடும். பழைய வேகமானிகளில் இச்செய்தி ஒரு மெல்லிய கம்பி வழியே மேலே சென்றது. கம்பி அறுவதும் தடுப்புக் கம்பிகளிற் சிக்குவதும் தொல்லையாயிருந்தமையாற் கம்பியை நீக்கினர். அதற்குப் பதிலாக, சில்லு சுற்றுந்தோறும் செலுத்தியிலுள்ள ஒரு சிறு சுருள், செக்கனுக்கு ஏறத்தாழ 120,000 தடவை அதிரும் காந்தத் துடிப்பொன்றை ஒரு கணம் வெளியிடும். வாங்கியிலுள்ள சுருள் அதனைக் கேட்டு, “ஒரு சுற்று” என்று எண்ணிக்கொள்ளும்.

மலிவு விலையிற் கிடைக்கும் கம்பியில்லா வேகமானிகள் பெரும்பாலும் இவ்வகையினவே. இவற்றின் பேதைமை யாதெனின், வந்த துடிப்பு யாருடையது என்று இவை கேட்பதில்லை. செலுத்தி தன் பெயரைச் சொல்லி அழைப்பதில்லை. வெறுமனே ‘டக்’ என்று ஒரு தட்டுத் தட்டுகின்றது. கதவை யார் தட்டினாலும் வீட்டுக்காரரே வந்துவிட்டார் என்றெண்ணித் திறந்துவிடும் வேலைக்காரப் பையனைப் போன்றது இவ்வாங்கி. இருவர் நெருங்கிப் பக்கம் பக்கமாக ஓடும்போது ஒருவரது சில்லை மற்றவரது வேகமானி எண்ணிவிடுவதும் இதனாலேயே.

இனி விளக்கின்பால் வருவோம்.

முன்னைய சயிக்கிள் விளக்குக்குத் தைனமோவே உயிர். ரயரின் பக்கத்தில் உராய்ந்து சுழன்று, 6 வோல்ற்று அளவில் ஆடலோட்ட மின்னைக் கொடுத்த அந்தச் சிறு குடுவையை எம்மவர் எளிதில் மறவார். 1990 ஆம் ஆண்டுகளின் முற்பகுதியில், மின்சாரமும் நின்று பற்றரிக்கும் தடை விதிக்கப்பட்டிருந்த யாழ்ப்பாணத்தில், சயிக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைக் கையாற் சுற்றித் தைனமோ மின்னில் வானொலி கேட்டனர். ஒருவர் சுற்ற, வீடு முழுவதும் செய்தி கேட்கும். சுற்றுபவர் களைத்தாற் செய்தியாளரின் குரலும் களைத்துவிடும்! ஆடலோட்டத்தை நேரோட்டமாக்க ஓர் இருவாயியையும், எஞ்சிய அலைவைத் தணிக்க ஒரு கொள்ளளவியையும் இணைக்க வேண்டுமென்பதைப் பள்ளிக்கூடத்திற் பயிலாதவரும் அந்நாளிற் கைப்பழக்கமாக அறிந்திருந்தனர். அன்று வானொலிக்கு ஊட்டங் கொடுத்த சயிக்கிள் விளக்குச் சாதனம், இன்று வானொலித் துடிப்புக்கே இடையூறாகிவிட்டது.

காரணம், விளக்கின் இயல்பு அடியோடு மாறிவிட்டமையே. பழைய குமிழில் ஓர் இழை சூடேறி ஒளிர்ந்தது. மின் சற்றே கூடினாலும் குறைந்தாலும் அதற்கு அக்கறையில்லை. ஒளி கூடும் குறையும், அவ்வளவே. தைனமோவின் ஆடலோட்டமும் செக்கனுக்குச் சில பத்து அல்லது சில நூறு தடவையே ஊசலாடியது. 120,000 அதிர்வுகளை எதிர்நோக்கும் ஒரு செவிக்கு அது கேட்கவே மாட்டாது.

இப்போதுள்ளவை எல்.ஈ.டி. எனப்படும் ஒளிகாலும் இருவாயிகள். ஜப்பானியராகிய சுஜி நக்கமுரா 1993 ஆம் ஆண்டிற் பிரகாசமான நீல ஒளி இருவாயியை வெளிப்படுத்திய பின்னரே வெண்ணிற விளக்குகள் பிறந்தன. இத்துறையில் அவரும் அக்கசாக்கி, அமானோ என்னும் இருவரும் செய்த பணிக்காக 2014 ஆம் ஆண்டின் பௌதிக நோபெல் பரிசு மூவருக்கும் வழங்கப்பட்டது. குறைந்த மின்னிற் கூடிய ஒளி தரும் இவ்விருவாயி ஒரு வகையிற் செல்லப்பிள்ளை. ஏறத்தாழ 3 வோல்ற்று அழுத்தத்தில் இயங்கும் இதற்கு அழுத்தம் சிறிது கூடினாலும் மின்னோட்டம் பன்மடங்காகி, இருவாயி சூடேறிக் கெட்டுப்போகும். இலிதியம் பற்றரியோ முழுதாக ஏற்றியபோது 4.2 வோல்ற்றும், வற்றும்போது 3 வோல்ற்று அளவும் தருவது. இவ்விரண்டுக்குமிடையே ஒரு காவலன் வேண்டும்.

அக்காவலன் தடையொன்றாயின் மின்னில் ஒரு பங்கு வெறும் வெப்பமாய் வீணாகும். ஆதலின் பொறியியலாளர் வேறோர் உபாயத்தைக் கையாள்கின்றனர். நீர்க்குழாயைச் சிறிதளவு திறந்து வைப்பதற்குப் பதிலாக, முழுதாகத் திறந்தும் முழுதாக மூடியும் அதிவிரைவாக மாற்றிக்கொண்டிருந்தால், வாளியில் விழும் நீரின் சராசரி அளவை எவ்வாறும் அமைத்துக்கொள்ளலாமன்றோ? அவ்வாறே விளக்கினுள் ஓர் இலத்திரனியல் ஆளி செக்கனுக்குப் பல்லாயிரம் தடவை, சிலவற்றிற் பல இலட்சந் தடவை, மின்னோட்டத்தை வெட்டி வெட்டி விடுகின்றது. வெட்டுண்ட ஓட்டத்தைச் சீராக்க ஒரு சுருளும் கொள்ளளவியும் துணைபுரிகின்றன. சுருளில் ஓட்டம் ஏறியிறங்கும்போதெல்லாம் அதனைச் சூழக் காந்தப்புலமும் ஏறியிறங்கும்.

மாணவர் இவ்விடத்திற் சற்று நிற்க வேண்டும். வேகமானியின் செலுத்தியில் இருப்பதும் ஒரு சுருள். விளக்கில் இருப்பதும் ஒரு சுருள். ஒன்று செய்தி சொல்ல அமைந்தது; மற்றையது ஒளிக்குக் காவலாய் அமைந்தது. பௌதிகவியலின் கண்ணுக்கு இரண்டும் செலுத்திகளே. விளக்கு தான் அறியாமலே ஒரு சிறு வானொலி நிலையமாகிவிடுகின்றது.

“விளக்கின் ஆளி 120,000 தடவை வெட்டாமல் 40,000 தடவை மட்டும் வெட்டினால் தொல்லை இராதே?” என்று ஒரு கூரிய மாணவன் வினவலாம். வயலின் தந்தியை மீட்டும்போது அடிப்படைச் சுரத்தோடு அதன் இரு மடங்கு, மும்மடங்கு அதிர்வுடைய மேற்றொனிகளும் எழுகின்றன. திடீர் திடீரென்று வெட்டப்படும் மின்னோட்டமும் அத்தகையதே. வெட்டு எவ்வளவு கூர்மையானதோ அவ்வளவுக்கு மேற்றொனிகள் பெருகும். 40,000 இன் மும்மடங்கு 120,000 அன்றோ? வேகமானியின் செவியில் அது நேரே சென்று விழும்.

எனினும், விளக்கிலிருந்து கசியும் இக்காந்த இரைச்சல் மிக நொய்தானது. செலுத்தியோ துடிப்பை அனுப்புவதற்கென்றே அமைந்தது. நொய்தானது வலியதை வெல்வது எவ்வாறு? விடை தூரத்தில் உள்ளது. 120,000 அதிர்வுடைய வானொலி அலையின் நீளம் 2.5 கிலோமீற்றர். அவ்வலையோடு ஒப்பிடுகையிற் சயிக்கிள் ஒரு புள்ளி. இத்துணைக் குறுகிய எல்லைக்குள் நிகழ்வது அலைவீச்சன்று. சுருளும் சுருளும் காந்தப்புலத்தாற் பேசிக்கொள்வதே. அப்புலமோ தூரத்தின் கனத்துக்கு நேர்மாறாகக் குன்றும். அஃதாவது, தூரம் இருமடங்கானாற் புலம் எட்டிலொன்றாகும். முன்கவையிலுள்ள செலுத்தி வேகமானியிலிருந்து 60 சென்ரிமீற்றர் தூரத்திலும், கைபிடியிலுள்ள விளக்கு அதே வேகமானியிலிருந்து 6 சென்ரிமீற்றர் தூரத்திலும் இருப்பதாகக் கொள்வோம். விளக்கு பத்து மடங்கு அருகில் உள்ளது. ஆகவே அதன் குரல் ஆயிரம் மடங்கு உரத்துக் கேட்கும். செலுத்தியின் வலிமையில் ஆயிரத்திலொரு பங்கே விளக்கிலிருந்து கசிந்தாலும், வேகமானியின் செவியில் இரண்டும் சமமாகிவிடுகின்றன! காதோடு வாய்வைத்து ஒருவர் முணுமுணுக்கும்போது, வீதியின் அப்பாலிருந்து கூவுபவரின் சொல் எவ்வாறு விளங்கும்?

இடையூறு இரு வகைப்படும். இரைச்சல் இடைவிடாது வந்தால் வாங்கியின் செவி அடைபட்டுப்போகும், உண்மைத் துடிப்புகள் கேளா, இலக்கம் பூச்சியமாகும். இரைச்சல் விட்டு விட்டு வந்தால் ஒவ்வொன்றையும் ஒரு சுற்றென்று எண்ணிவிடும். ஒருமுறை சுற்றினாற் சில்லு ஓடும் தூரம் 2.1 மீற்றர் என்க. மணிக்கு 25 கிலோமீற்றர் வேகத்தில் அது செக்கனுக்கு 3.3 முறை சுற்றும். உண்மைத் துடிப்பொன்றுக்குப் பத்திலொரு செக்கன் கழித்து ஒரு பொய்த்துடிப்பு வருமாயின், கருவி கணிப்பது செக்கனுக்கு 21 மீற்றர். மணிக்கு 75 கிலோமீற்றருக்கு மேல்! கருவியின் ஞாபகத்தில் ‘அதியுயர் வேகம்’ என்று பதிந்துள்ள 90ஐயும் 100ஐயும் தோழருக்குக் காட்டிப் பெருமை பேசும் வாலிபர்கள், அவ்வெற்றி தமது கால்களுக்குரியதா, விளக்குக்குரியதா என்பதை விசாரித்துக்கொள்வது நன்று.

விளக்கின் ஒளியளவை மாற்றும்போது இடையூறும் மாறுவதை அவதானித்தோர் உளர். முழு ஒளியில் அமைதியாயிருக்கும் சில விளக்குகள் பாதி ஒளியில் இரைச்சலிடும். சில இதற்கு நேர்மாறு. ஒளியைக் குறைப்பதற்கு அவை வெட்டும் முறை வேறுபடுவதே இதற்குக் காரணம்.

எங்கே கோளாறு என்று அறிவது எளிது. சயிக்கிளை நிறுத்தி, முன்சில்லு அசையாதிருக்க விளக்கை ஏற்றுக. வேகமானி பூச்சியத்தை விட்டு ஏதேனும் ஓர் இலக்கத்தைக் காட்டினால், அது பொய்த்துடிப்பை எண்ணுகின்றதென்பது தெளிவு. பூச்சியமாகவே நின்றால், முன்சில்லை உயர்த்திக் கையாற் சுழற்றி விளக்கை ஏற்றியும் அணைத்தும் பார்க்க. ஏற்றும்போது மட்டும் இலக்கம் மறையுமாயின் செவி அடைபடுகின்றது. இரண்டுமின்றி எப்போதுமே தடுமாறினால் விளக்கின்மேற் பழி சுமத்தலாகாது. செலுத்தியின் நாணய வடிவப் பற்றரி வற்றியிருக்கலாம், அல்லது காந்தம் விலகியிருக்கலாம்.

பரிகாரமும் மேற்கூறிய கனக்கணக்கிலிருந்தே பிறக்கின்றது. விளக்கை 6 சென்ரிமீற்றரிலிருந்து 18 சென்ரிமீற்றருக்கு நகர்த்தினால் இரைச்சல் 27இல் ஒரு பங்காகக் குறையும். கைபிடியின் ஒரு கோடியில் விளக்கு, மறு கோடிக்கு அண்மையில் வேகமானி என்று வைத்தாலே பெரும்பாலும் போதும். செலுத்தியையும் முன்கவையில் இயன்றளவு மேலேற்றி வேகமானிக்கு அண்மையாக்கலாம். காந்தத்தையும் அதற்கேற்பக் கம்பியில் நகர்த்த வேண்டும். சுருள்கள் திசைக்குத் திசை வேறுபட்டுக் கேட்பனவாதலால், விளக்கைச் சிறிது சாய்த்தோ திருப்பியோ பூட்டுவதும் சிலவேளை பயன்தரும். செலுத்திக்குப் புதிய பற்றரி இடுவது அதன் குரலை வலுப்படுத்தும். பற்றரிப் பெட்டி வேறாகவும் விளக்கு வேறாகவும் உள்ளவற்றில் இடையே ஓடும் நீண்ட கம்பியே இரைச்சலைப் பரப்பும் வானலைக் கம்பியாகிவிடும். அதனை வேகமானியின் அருகே விடாது சட்டத்தின் கீழ்ப்புறமாகக் கட்டுதலும், விளக்கின் அண்டையிற் கம்பியை ஒரு பெரைற்று வளையத்தினூடாகச் சுற்றி விடுதலும் நற்பயன் தரும்.

அலுமினியத் தாளைச் சுற்றினாற் சரியாகுமென்று கூறுவாருமுளர். அவ்வைத்தியத்தை நாம் ஏற்கமாட்டோம். இத்துணைத் தாழ்ந்த அதிர்வுடைய காந்தப்புலம் அலுமினியத்துள் ஏறத்தாழ கால் மில்லிமீற்றர் ஆழம்வரை ஊடுருவ வல்லது. சமையலறைத் தாளோ அதன் பத்திலொரு பங்கு தடிப்பும் இல்லாதது. தடுக்க வேண்டியதைத் தடுக்காமல், விளக்கின் வெப்பம் வெளியேறுவதை மட்டும் அது தடுக்கும்.

சிறிது கூடிய விலையிலுள்ள வேகமானிகள் இத்தொல்லையிலிருந்து பெரிதும் விடுபட்டவை. ஆன்ற் பிளஸ், புளூரூத் என்னும் முறைகளில் இயங்கும் அவை செக்கனுக்கு 240 கோடி அதிர்வுகளுக்கு மேற்பட்ட அலையிற் பேசுகின்றன. விளக்கின் மேற்றொனிகள் அவ்வுயரத்தை எட்டுமுன்னரே பெரிதும் நலிந்துவிடும். அதனினும் முக்கியமாக, அங்கே செலுத்தி தன் இலக்கத்தைச் சொல்லியே பேசுகின்றது. சிதைந்து வந்த செய்தியை வாங்கி தள்ளிவிடுகின்றது. பையனுக்குக் கதவண்டை “யார்?” என்று கேட்கக் கற்பித்துவிட்டனர் எனலாம். ஆயினும், விளக்கை ஒரு சாண் நகர்த்தினால் தீரும் குறைக்காக ஒரு குடும்பம் புதுக்கருவி வாங்கவேண்டுமென்று நாம் கூறோம்.

இலக்கம் வெறும் விளையாட்டாக இல்லாத இடமும் ஒன்றுண்டு. மார்பில் ஒரு பட்டியை அணிந்து, இதயத் துடிப்பைக் கம்பியின்றி மணிக்கட்டிலோ கைபிடியிலோ காணும் கருவி பின்லாந்து நாட்டிலே 1982 ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. பழைய வகைப் பட்டிகள் செக்கனுக்கு 5,000 அளவிலான அதிர்வில், இதே காந்த முறையிற் பேசுவன. ஒளியைக் குறைப்பதற்காக விளக்குகள் சில செய்யும் வெட்டும் சில ஆயிரங்களில் நிகழ்வதுண்டு. உயரழுத்த மின்கம்பிகளின் கீழ்ச் செல்லும்போதும் இப்பட்டிகள் பொய் சொல்லும். “துடிப்பு 120ஐத் தாண்டலாகாது” என்று வைத்தியர் கட்டளையிட்டுள்ள ஒருவர் அந்திவேளையில் இத்தகைய கருவியை நம்பி மிதிப்பாராயின், விளக்கை ஏற்றியதும் மாறும் இலக்கத்தை நம்பலாகாது. இறங்கி நின்று மணிக்கட்டில் விரல் வைத்து, கடிகாரம் பார்த்து 15 செக்கன் எண்ணி நான்காற் பெருக்குதலே பிழையில்லாத வழி.

இவ்விடையூறுகளைக் கட்டுப்படுத்தச் சட்டமில்லையா என்று கேட்கத் தோன்றும். வானொலி இடையூறுகளை ஆராயும் சர்வதேசக் குழு 1934 ஆம் ஆண்டிலேயே அமைந்துவிட்டது. ஐரோப்பிய நாடுகள் 1989 ஆம் ஆண்டில், மின்சாதனங்கள் ஒன்றையொன்று குழப்பலாகாதென்று பொதுக்கட்டளை வகுத்தன. விளக்குகளுக்கும் எல்லைகள் உள. ஆனால், கசிவை அளக்கும் சோதனைகள் பெரும்பாலும் 3 மீற்றர், 10 மீற்றர் தூரத்திற் செய்யப்படுவன. அயல்வீட்டு வானொலியைக் காப்பதே அவற்றின் நோக்கம். நான்கு விரற்கடை தூரத்தில் ஒரு செவி காத்திருக்குமென்பதை அவ்வெல்லைகள் கருதவில்லை. ஆகவே, சட்டத்துக்கு முற்றும் உடன்பட்ட விளக்கும் வேகமானியைக் குழப்பக்கூடும். அம்முத்திரையும் இல்லாது மலிவாக வரும் விளக்குகளைப்பற்றிக் கூறவும் வேண்டுமோ?

சயிக்கிளில் நிகழும் இதே கூத்து கடலிலும் நிகழ்ந்துள்ளது. கப்பல்களில் எல்.ஈ.டி. விளக்குகளைப் பொருத்தியபின் வானொலித் தொலைபேசி நலிந்துபோவதாகத் தெரியவரவே, அமெரிக்கக் கரையோரக் காவற்படை 2018 ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில் ஓர் எச்சரிக்கையை வெளியிட்டது. துறைமுகமொன்றின் மீட்புநிலையம் ஒரு கப்பலை வானொலியில் அழைத்தும் தொடர்புகொள்ள இயலாதுபோனமை அதிற் குறிக்கப்பட்டுள்ளது. கப்பலோட்டிகள் தாமே செய்து பார்க்கத்தக்க சோதனையையும் அது கூறியது. விளக்குகளை அணைத்து, பேச்சில்லாத ஓர் அலைவரிசைக்கு வானொலியைத் திருப்பி, இரைச்சல் சற்றே அடங்கும்வரை அடக்கியைச் சரிசெய்க; பின் விளக்கை ஏற்றுக; இரைச்சல் மீண்டும் எழுந்தால் விளக்கே குற்றவாளி. பலநாட் கலங்களிற் கடலுக்குச் செல்லும் எமது மீனவருக்கும் இச்சோதனை உதவும். வானலைக் கம்பியின் அருகே புதிய விளக்கைக் கட்டுமுன் ஐந்து நிமிடம் செலவிட்டாற் போதும்.

வீட்டிலுள்ள மாணவர் இதனையே சயிக்கிளில் வைத்துச் செய்யலாம். மத்திய அலையுள்ள ஒரு சிறு பழைய வானொலிப் பெட்டி போதும். நிலையம் எதுவும் கேட்காத ஓரிடத்துக்கு முள்ளைத் திருப்பி, பெட்டியை விளக்கின் அண்டையிற் பிடித்து விளக்கை ஏற்றுக. ‘கிர்’ரென்ற ஓசை எழுமாயின், முன் கூறிய மேற்றொனிகளையே கேட்கின்றீர்கள். பெட்டியை ஒரு சாண், இரு சாண் என்று விலக்கி, ஓசை எவ்வளவு விரைவாக மடிகின்றதென்று பாருங்கள். பின்னர் பெட்டியை வேகமானியின் இடத்திலே பிடித்துக்கொண்டு, விளக்கைக் கைபிடியின் வழியே நகர்த்தியும் சாய்த்தும், முழு ஒளியிலும் பாதி ஒளியிலும் சோதித்து, ஓசை மிகக் குறையும் இடத்தைத் தேடுங்கள். அவ்விடத்திற் சுண்ணக்கட்டியால் ஒரு கோடிட்டு, விளக்கை அங்கேயே பூட்டிவிடலாம்.